கீழூரைத் தேடி ஐந்து நாள்

டிசம்பர் 6, சனி: பென்கூலன், பிராஸ் பாசா

பள்ளி விடுமுறை விட்டதும் அக்கா மகள் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். உயர்நிலை இரண்டு முடித்திருக்கிறாள். இந்த முறை அவள் பையில் துணிமணியைவிடப் பகடைகள்தான் அதிகம் இருந்தன, நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி விளையாடும் விளையாட்டு அது. அதற்கு ஒரு உலகம் வேண்டும். "சித்தி, பூமிக்கு அடியில ஒரு ஜெயில். யாரும் இல்லாம விட்டுட்டுப் போன ஜெயில். அதை எனக்கு முழுசா செஞ்சு குடுங்க, நான் என் ஃபிரெண்ட்ஸுக்குத் தமிழ்லயே நடத்துறேன்" என்றாள்.

கடைசியில் சொன்னது என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. அவள் தோழர்கள் நாலு பேரும் தமிழ்ப் பிள்ளைகள், ஆனால் தமிழ் வகுப்பு மணி அடித்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறவர்கள். விளையாட்டுக்காகவாவது மூன்று மணி நேரம் தமிழில் பேசுவார்கள் என்றால் ஒரு சிறை என்ன, பத்துச் சிறை கட்டிக்கொடுக்கலாம்.

அவள் ஏற்கெனவே ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தாள். கருங்கல் கோபுரம், பனி, சங்கிலி, மூலையில் ஒரு டிராகன். எல்லாம் வேறு யாருடைய ஊரிலிருந்தோ வந்தவை. நம் காலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் வரையலாமே என்றேன். அப்படித்தான் இந்தப் பயணம் ஆரம்பித்தது. சிங்கப்பூர்த் தீவை விட்டு வெளியே போகவில்லை, ஆனாலும் ஐந்து நாள் முடிந்தபோது எங்கோ தூர தேசம் போய்வந்த அசதி.

காலையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை. இரண்டு தோசை, இரண்டு வடை, இரண்டு தே (தேநீர்), எல்லாம் சேர்த்து 8 சிங்கப்பூர் வெள்ளி 20 காசு. சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டதற்குக் கடைக்கார அக்கா கரண்டி நிறைய ஊற்றிவிட்டு, "பிள்ளை ஒல்லியா இருக்கு, சாப்பிடட்டும்" என்றார்.

அங்கிருந்து பென்கூலன் எம்ஆர்டி ரயில் நிலையம். 2017-இல் திறந்தது, தரைக்குக் கீழே 43 மீட்டர், சிங்கப்பூரிலேயே ஆழமான நிலையம். நின்று நிதானமாக இறங்கினோம். ஒரு நகரும்படி முடிந்தால் இன்னொன்று, அது முடிந்தால் இன்னொன்று. மேலே இருந்த வெக்கை மூன்றாவது படியிலேயே போய்விட்டது. அவள் குறிப்பேட்டில் ஒவ்வொரு தளமாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். நடைமேடையில் வந்த ரயிலை ஏறாமலே விட்டுவிட்டு, "இங்க ஜெயில் இருந்தா மேல கத்துறது யாருக்கும் கேட்காது" என்றாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பெயரைப் பற்றிச் சொன்னேன். பென்கூலன் சுமத்ராவில் இருக்கிற ஊர். ஆங்கிலேயர்கள் இந்தியக் கைதிகளை அங்கே கொண்டுபோய் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1824-இல் போட்ட ஒப்பந்தப்படி அந்த ஊர் டச்சுக்காரர் கைக்குப் போனது. உடனே கைதிகளை இடம் மாற்ற வேண்டியிருந்தது. 1825 ஏப்ரல் 18 அன்று முதல் கூட்டம் கப்பலில் இங்கே வந்து இறங்கியது. எண்பது பேர், எல்லாரும் சென்னை மாகாணத்திலிருந்து தண்டனை பெற்று வந்தவர்கள். அடுத்த சில நாளில் வங்காளத்துக் கைதிகள் வந்தார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஐம்பது வருடம், 1873 வரைக்கும், இந்தத் தீவு இந்தியக் கைதிகளின் ஊராகவும் இருந்தது.

"நம்ம ஆளுங்களா?" என்று கேட்டாள். சென்னை மாகாணம் என்றால் தமிழரும் தெலுங்கரும் இன்னும் பலரும்தான், ஆனால் ஆம், நம் ஆட்களும்தான். இதைப் பள்ளியில் யாரும் தன்னிடம் சொன்னதாக நினைவில்லை என்றாள். எனக்கும் முப்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மேலே ஏறி இரண்டு நிமிடம் நடந்தால் பிராஸ் பாசா நிலையம். இதன் கூரை ஒரு குளம். கண்ணாடிக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கும். வெளியே இருப்பவருக்கு அது புல்வெளி ஓரத்துக் குளம், உள்ளே 35 மீட்டர் ஆழத்தில் இருப்பவருக்கு வானம். தண்ணீர் அசைந்தால் சுவரில் வெளிச்சம் அசைகிறது. அவள் நகரும்படியின் அடியில் கழுத்தை அண்ணாந்து வெகுநேரம் நின்றாள், அவசரமாகப் போகிறவர்கள் இடிக்காமல் ஒதுங்கிப் போனார்கள், ஒரு சீன மாமா மட்டும் தானும் நின்று எதைப் பார்க்கிறாள் என்று அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தபடி போனார்.

அந்தக் கைதிகளின் பெரிய சிறை இந்த பிராஸ் பாசா பக்கம்தான் இருந்தது. மலாயில் பிராஸ் பாசா என்றால் நனைந்த அரிசி. கைதிகளே அதைக் கட்டினார்கள், கைதிகளே காவலும் காத்தார்கள். இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். வெளியிலிருந்து கூலிக் காவலரை வைப்பதைக் குறைத்து, நன்னடத்தை உள்ள கைதிகளையே தண்டல், தபேதார் என்று பதவி கொடுத்து மற்றவர்களுக்குக் காவலாக்கினார்கள். கைதிகளுக்குள் ஆறு வகுப்பு. முதல் வகுப்பில் உள்ளவர் வெளியே தங்கிச் சொந்தமாகப் பிழைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்பு கடும் கண்காணிப்பில் வைக்க வேண்டியவர்களுக்கு. ஆறாவது வயதானவர், நோயாளி.

அவள் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினாள். பென்கூலனில் அவள் போட்ட கோடுகளும் ஆறு. அங்கேயே உட்கார்ந்து ஆறு தளத்துக்கும் ஆறு வகுப்பை எழுதினோம். கடைசித் தளத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, "வயசானவங்கள ஏன் அடியில வைக்கணும்? அவங்கதான் குளத்துக்குக் கிட்ட இருக்கணும்" என்று சொல்லி, அந்த வகுப்பை அடித்துவிட்டு முதல் தளத்தில் எழுதினாள். இடத்துக்குப் பெயரும் அவளே வைத்தாள். கீழூர்.

மதியம் மூன்று மணிக்கு வானம் இருண்டது. டிசம்பர் மழைக்கு நாம் பழகியவர்கள்தான், ஆனால் இது குடையைப் புரட்டிப்போட்ட மழை. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குள் ஓடிப்போய் நுழைந்தபோது என் கைப்பேசியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. வாசலில் இருந்த தன்னார்வலர் அம்மையார் ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காகிதத் துண்டு ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் எந்த மதம், எதற்கு வந்தோம் என்று ஒரு கேள்வி இல்லை.

நாங்கள் எப்படியும் போக வேண்டும் என்று நினைத்திருந்த இடம் அது. 1856-இல் அடிக்கல் நாட்டி, 1862-இல் அர்ப்பணித்தார்கள். கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். உள்சுவரின் வெண்மை நம் ஊர்ப் பக்கத்துக் கைவேலை: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கரட்டுச் சர்க்கரை மூன்றையும் அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் கன்னத்தை வைத்தால் குளுகுளுவென்று இருக்குமே, அதே வகைப் பூச்சு.

அவள் கேட்ட கேள்வி, "சர்க்கரை போட்டா எறும்பு வராதா சித்தி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கீழூரின் முதல் புதிர் அதிலிருந்து பிறந்தது. வெள்ளைச் சுவர் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், கதவு எங்கே என்று தெரியாது. எறும்புச் சாரை எந்த இடத்தில் சுவருக்குள் போகிறதோ அங்கே பூச்சு புதுசு. அதற்குப் பின்னால் கதவு.

டிசம்பர் 7, ஞாயிறு: கேன்னிங் குன்று, பிறகு தேக்கா

இரவு முழுக்கப் பெய்த மழையில் குன்றின் படிகள் வழுக்கின. பாதி ஏறுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆளுக்கொரு இளநீர் வாங்கலாம் என்று தேடினால் கிடைக்கவில்லை, தானியங்கியில் எலுமிச்சைத் தேநீர்தான் கிடைத்தது, 2 வெள்ளிக்கு அது போதும்.

பேட்டல்பாக்ஸ் என்கிற நிலத்தடிப் போர் அறை சிறை இல்லை. பிரிட்டிஷ் தளபதிகள் உட்கார்ந்து போரை நடத்திய இடம். ஏறக்குறைய 9 மீட்டர் ஆழம். "ஒம்பதுதானா?" என்றாள், பென்கூலனின் 43 அவள் மனதில் நின்றுவிட்டது. உள்ளே போன பிறகு அந்தப் பேச்சு நின்றது. கூரை தாழ்வு, நடைவழி குறுகல், இரும்புக் கதவுகள், ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிற வளைவுகளில் திசை தெரியாமல் போகிறது. அன்றைக்கு அத்தனை ஆட்கள் இதற்குள் மூச்சு முட்டக் கிடந்திருக்கிறார்கள். 1942 பிப்ரவரி 15 காலை, பிரிட்டிஷ் படைத்தலைவர் பெர்சிவலும் மற்றத் தளபதிகளும் இங்கே கூடித்தான் ஜப்பானியரிடம் சரணடைவது என்று முடிவு செய்தார்கள். போர் முடிந்து பல வருடம் மூடிக் கிடந்து, 1988-இல்தான் இந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள், நகரத்தின் நட்டநடுவில், ஆட்கள் மெதுவோட்டம் ஓடுகிற குன்றுக்கு அடியில், இத்தனை அறைகள் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கின்றன. கைவிடப்பட்ட இடம் என்றால் எங்கோ காட்டில் இருக்கும் என்றுதான் கதைகளில் வரும். கீழூரை ஊருக்கு நடுவிலேயே வைப்பது என்று அங்கே முடிவானது. மேலே சந்தை நடக்கும், பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், குளத்தில் யாராவது காசு போடுவார்கள். அந்தக் காசு எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது.

சரணடைந்த இரண்டாவது நாள் இந்தியச் சிப்பாய்களைத் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க் திடலில் கூட்டினார்கள். அந்தத் திடல் பக்கம்தான் மாலையில் சாப்பிடப் போனோம், தேக்காவுக்கு. ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், நிற்கக்கூட இடம் கிடைக்காது. உணவங்காடி நிலையத்தில் தட்டோடு சுற்றிச் சுற்றி வந்தோம். தனியாக உட்கார்ந்திருந்த ஒரு தம்பி தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "உக்காருங்கக்கா" என்றார்.

சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கமாம். இங்கே எம்ஆர்டி சுரங்கப்பாதை தோண்டுகிற வேலை. அவ்வளவுதான், எங்கள் பிரியாணி ஆறிப்போனது. அவள் குறிப்பேட்டை எடுத்துவிட்டாள், அவரும் சலிக்காமல் சொன்னார். கீழே குளுமையாக இருக்கும் என்று நினைக்கிறோம் இல்லையா, இயந்திரம் ஓடும்போது கீழே வேக்காடுதான். மழையா வெயிலா தெரியாது, மேலிருந்து இறங்கி வருகிறவனுடைய சட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்களாம்.

அப்புறம் ஒன்று சொன்னார். இறங்குகிற வாயிலில் ஒரு பலகை இருக்கும். கீழே போகிற ஒவ்வொருவரும் தன் பெயர் அட்டையை அதில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மேலே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையைப் பார்த்தால் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

"எடுக்க மறந்துட்டா?" என்றாள் இவள்.

"மறக்கக் கூடாது தங்கச்சி. ஒருவாட்டி ஒருத்தன் மறந்து ரூமுக்குப் போய்ப் படுத்துட்டான். இங்க ஆள் இன்னும் மேல வரலன்னு கீழ தேடுறாங்க, ஃபோன் மேல ஃபோன். அவன் தூங்கிட்டான். நாங்க எல்லாரும் அந்த அட்டையவே பாத்துக்கிட்டு நின்னோம்."

அவர் எழுந்து போன பிறகு தே வாங்கக் கடைக்குப் போனால், எங்கள் இருவருக்கும் சேர்த்து அந்தத் தம்பியே காசு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தேடிப் பார்த்தேன், கூட்டத்தில் ஆள் தெரியவில்லை. மூன்று வெள்ளிதான் இருக்கும். அவர் சம்பளத்தில் அது எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதனால்தான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 8, திங்கள்: ஊட்ரம், செந்தோசா

இன்றைக்குக் கால்கள் பட்ட பாடு பெரிது, பார்த்தது குறைவு.

ஊட்ரம் பார்க் நிலையத்துக்கு மேலே ஏறினால் பேர்ல்ஸ் ஹில் குன்று. 1847-இல் கட்டிய சிறை ஒன்று அதன் அடிவாரத்தில் இருந்தது. 1915-இல் இங்கே இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, அதற்காகத் தண்டனை பெற்ற 47 பேரைச் சிறைச் சுவருக்கு வெளியே மக்கள் பார்க்க நிறுத்திச் சுட்டார்கள். 1960-களில் சிறையை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். அவற்றையும் பிறகு இடித்துவிட்டார்கள். நாங்கள் போனபோது புல், மரம், நடைபாதை. ஒரு அம்மா நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார். "ஒண்ணுமே இல்ல" என்று அவளுக்கு ஏமாற்றம். நான் எதையும் விளக்கவில்லை, கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம். பாதி வழியில் என் செருப்பின் அடி பிய்ந்து தனியாக வந்துவிட்டது. பக்கத்துக் கடையில் 6 வெள்ளிக்கு ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டு மீதி நாளை ஓட்டினேன்.

செந்தோசாவுக்கு நடைபாலம் வழியாக நடந்தே போனோம். செந்தோசா என்றால் அமைதி. அதற்கு முன்னால் அந்தத் தீவின் பெயர் பூலாவ் பிளாக்காங் மாத்தி, மரணத்தைக் காட்டுகிற பெயர், 1970-களில்தான் மாற்றினார்கள். சிலோசோ கோட்டைக்கு 11 மாடி உயரத்தில் ஒரு வான்பாலம் இருக்கிறது, காசு கிடையாது, மரங்களின் தலைக்கு மேலே நடக்கலாம். காற்று அப்படி வீசியது. அவள் தொப்பி கீழே காட்டுக்குள் போனது, போனதுதான்.

கோட்டைக்கு அடியில் வெடிமருந்து வைத்த சுரங்கங்கள் இருக்கின்றன. அந்தக் காலத்து வெடிமருந்து அறைக்குள் விளக்கைக் கொண்டுபோக மாட்டார்கள். பக்கத்தில் தனியாக ஒரு குறுகிய வழி, அதில் விளக்கை வைத்துக் கண்ணாடி வழியாக வெளிச்சம் மட்டும் உள்ளே போகும். அப்படியென்றால் விளக்கேற்றுகிறவர் எல்லா அறையையும் பார்க்கலாம், எதற்குள்ளும் நுழைய முடியாது. இதைக் கேட்டதும் அவள் பிரகாசமாகிவிட்டாள். கீழூரில் இப்படி ஒரு விளக்குப் பாதை போட்டாயிற்று. அதில் போகிறவர்களுக்கு ஒவ்வொரு அறையும் தெரியும், கையை நீட்டினால் கண்ணாடிதான் தட்டும்.

பாலத்தில் நின்று தெற்கே கடலைக் காட்டி அவளுக்கு பூலாவ் செனாங் கதையைச் சொன்னேன். கம்பியும் சுவரும் இல்லாத சிறை, 1960-இல் தொடங்கினார்கள். கைதிகளே வீடு கட்டி, தண்ணீருக்கு வழி செய்து, தீவை உருவாக்கினார்கள். 1963 ஜூலை 12 அன்று அவர்களே அதைக் கொளுத்தினார்கள். சிறைக் கண்காணிப்பாளரும் சில அதிகாரிகளும் கொல்லப்பட்டார்கள், 1965-இல் 18 பேரைத் தூக்கிலிட்டார்கள். இன்றைக்கு அங்கே ராணுவம் சுட்டுப் பழகுகிறது. செனாங் என்றால் சுகம், நிம்மதி.

அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப கைதியே காவலா இருந்தா எல்லாம் நல்லா நடக்கும்னு இல்ல" என்றாள். இல்லைதான். பிராஸ் பாசா சிறையை நான் கொஞ்சம் அழகாகவே சொல்லிவிட்டேன் என்று எனக்கும் அப்போது உறைத்தது. கூட இருந்தவனுக்கே விலங்கு மாட்ட வேண்டிய தண்டலின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்? கீழூரில் அப்படி ஒரு தண்டல் வேண்டும் என்று முடிவு செய்தோம். சாவிக்கொத்து இருக்கும். சாவி இருப்பதாலேயே யாரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள்.

டிசம்பர் 9, செவ்வாய்: சவுத் பிரிட்ஜ் சாலை

மாரியம்மன் கோயிலுக்குக் காலையிலேயே போனோம். இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு 1819-இல் வந்த நாராயண பிள்ளை 1827-இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழுப்பிய கோயில் அது. கைதிகள் பென்கூலனிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது அப்போது. சில வருடத் தண்டனையோ ஆயுள் தண்டனையோ, வெளியே வேலைக்குப் போன ஒருவர் இந்த வாசலைக் கடந்து போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, ஆனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். சூடு விரலைச் சுட்டது. தூணோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் வரைபடத்தை விரித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "என்னம்மா அது, வீட்டு நகலா?" என்று கேட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். டன்ஜன் என்று இவள் சொன்னதும், "பாதாளச் சிறைன்னு சொல்லேன், எவ்வளவு நல்லா இருக்கு" என்றார்.

முழுவதையும் அவரிடம் சொன்னாள், குளக்கூரை, எறும்பு, விளக்குப் பாதை, தண்டல் எல்லாம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "சோறு யார் போடுறா அங்க?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று நாளாகச் சிறை கட்டுகிறோம், அடுப்பு வைக்கவே இல்லை.

அப்போது அவர் மணிமேகலையைச் சொன்னார். சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை, பத்தொன்பதாவது. மணிமேகலை அமுதசுரபியோடு சிறைக்குள் போகிறாள், பசித்துக் கிடந்தவர்களுக்குச் சோறு போடுகிறாள், ஒரே பாத்திரம், எடுக்க எடுக்கக் குறையவில்லை. காவலர்கள் ஓடிப்போய் அரசனிடம் சொல்கிறார்கள். அவன் அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க, சிறையை அறக்கோட்டமாக்கு என்கிறாள். அவன் அப்படியே செய்கிறான். பெரியவர் இதைச் சொல்லும்போது குரல் லேசாகத் தழுதழுத்தது. எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பார், இன்னும் அந்த இடம் அவரைத் தொடுகிறது.

நான் இந்தக் காப்பியத்தைத் தேர்வுக்காகப் படித்தவள். கைவிடப்பட்ட சிறை என்றால் எல்லாரும் செத்துப்போனதாகத்தான் இருக்க வேண்டுமா? சிறையாக இருப்பதை விட்டுவிட்டு வேறொன்றாக ஆன இடமாக இருக்கலாமே. 1873-இல் இங்கே சிறையை மூடியபோதும் எல்லாரும் அழிந்துபோகவில்லை. தண்டனை மீதி இருந்தவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள், விடுதலை ஆனவர்கள் பலர் இந்த ஊரிலேயே கலந்துவிட்டார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு எங்களோடு அதே ரயிலில் நின்றிருக்கலாம்.

அவள் அங்கேயே வரைபடத்தின் நடுவில், ஐந்தாம் தளத்தில், ஒரு பெரிய வட்டம் போட்டாள். அடுப்பு. அதன் மேல் ஒரு பாத்திரம், இன்னும் சூடாக இருக்கிறது. யார் வைத்தார்கள் என்று தெரியாது. பெரியவர் வட்டத்தின் ஓரத்தில் தன் கையெழுத்தில், அழகான எழுத்து, 'சமையற்கூடம்' என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது வாடகைக் காருக்குப் பதிவு செய்தேன், இருபது நிமிடம் மழையில் நிற்க வைத்துவிட்டு ஓட்டுநர் ரத்து செய்துவிட்டார், கட்டணத்தில் 4 வெள்ளி பிடித்தும்விட்டார்கள். பேருந்தில் வந்தோம். வரைபடத்தை அவள் சட்டைக்குள் வைத்துக்கொண்டதால் அது மட்டும் நனையவில்லை.

டிசம்பர் 10, புதன்: வீடு

நாலு பிள்ளைகளும் இரண்டு மணிக்கு வந்தார்கள். சாப்பாட்டு மேசையை இழுத்து நடுவில் போட்டேன். தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். திரைச்சீலையை இழுத்துவிட்டதும் வீடே கீழூர் மாதிரி ஆகிவிட்டது.

அவள் முதலில் பகடையைத் தரவில்லை. பழைய அட்டைப் பெட்டியை வெட்டி எடுத்த துண்டுகளை ஆளுக்கொன்று கொடுத்து, "உங்க பாத்திரத்தோட பேரைத் தமிழ்ல எழுதுங்க. எழுதி ஃபிரிட்ஜ்ல மாட்டுங்க. அப்பத்தான் கீழ இறங்கலாம்" என்றாள். ஒரு பையன் 'ழ' எழுதத் தடுமாறினான், பக்கத்தில் இருந்தவள் சொல்லிக் கொடுத்தாள். காந்தத்தை வைத்து நாலு அட்டையும் மாட்டினார்கள். அங்கே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு அட்டைகள் தொங்கின, நேற்று இரவு அவள் தனியாக உட்கார்ந்து எழுதியவை, பழையதாகத் தெரிய வேண்டும் என்று தேத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்தவை. "இதெல்லாம் யாரு?" என்றான் ஒருவன். "கீழ போனவங்க. இன்னும் எடுக்கல" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

ஆட்டத்தை முழுசாக எழுதினால் இன்னும் பத்துப் பக்கம் வேண்டும். எறும்புச் சாரையைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. விளக்குப் பாதையில் போகும்போது ஒரு பிள்ளை கண்ணாடியைத் தட்டினாள், உள்ளேயிருந்து யாரோ திரும்பித் தட்டினார்கள், அவள் நிஜமாகவே நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். டிராகன் இல்லை, புலி இருந்தது. அந்தக் காலத்தில் கைதிகளைப் புலி வேட்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். அப்படி ஒரு புலி தப்பித்துக் கீழே வந்து, இருட்டிலேயே கண் தெரியாமல் கிழடாகிவிட்டதாக வைத்திருந்தாள். அதைக் கொல்லலாமா, விடலாமா என்று வாக்குவாதம். பாதி ஆங்கிலத்தில் தொடங்கிய வாக்குவாதம், கோபம் ஏற ஏறத் தமிழுக்கு வந்தது. அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். "பாவம்டா அது, விடுடா" என்று ஒரு குரல்.

புலிக்குச் சோறு வைத்தார்கள். தண்டல் சாவியைக் கொடுக்கவில்லை. அவரோடு உட்கார்ந்து யாராவது சாப்பிட்டால்தான் கொடுப்பார் என்பது அவர்களுக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம் என்று ஏழு மணிக்கு ஆட்டத்தை நிறுத்தினாள், மூன்று பேர் தங்கள் அட்டையை எடுத்துக்கொண்டார்கள், செருப்புகளைத் தேடி மாட்டிக்கொண்டு எல்லாரும் மின்தூக்கிப் பக்கம் போனார்கள்.

நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் மேசையைத் துடைக்க வந்தவள், குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றாள். 'ழ' எழுதத் தடுமாறிய பையனின் அட்டை அங்கேயே தொங்கியது. அதைப் பிடுங்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினாள். ஒன்பது மாடி. தாழ்வாரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். கீழே வாகன நிறுத்துமிடத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினாள், பேருந்து நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவன் திரும்பிப் பார்த்தான்.